பூங்காவுக்குப் போன படையல்

ஐந்து கரத்தான் அருள் முன்னே நடக்க, அம்மையப்பன் திருவடி நெஞ்சிலே நிலைக்க, இவ்வாரமும் உங்களோடு உரையாட அமர்கிறேன்.

நாள் - சித்திரைப் பூரணை. தாயை இழந்தவர்கள் தாய்க்காக நோன்பிருக்கும் திருநாள். இவ்வாண்டு பௌத்தர்களின் வெசாக் பண்டிகையும் அதே நாளில் வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் பூரணை தோறும் விடுமுறை. ஊரே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே புறப்படும். எனக்கோ, அம்மா மறைந்த பின், அது வீட்டோடு இருக்கும் நாள். காலையில் நீராடிப் பதிகம் ஓதுவேன். நண்பகலில் எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டின் சமையலறைப் பல்கனியில் காகத்துக்குச் சோறு வைப்பேன். அது உண்ட பின்புதான் எனக்கு அன்றைய ஒரே வேளை உணவு.

ஆகவே பேரப்பிள்ளைகள் போய்வந்த இடங்களையெல்லாம் நான் கைபேசிப் படங்களில்தான் தரிசித்திருக்கிறேன். மிருகக்காட்சிசாலை, கடற்கரை, பட்டம் விடும் திடல்... எல்லாம் ஓர் அங்குல உயரத்தில்.

பின் இம்முறை ஏன் போனேன்?

மகன் ஹோட்டலில் வேலை செய்கிறான். ஊருக்கு விடுமுறை என்றால் அவனுக்கு இரட்டை வேலை. மருமகள் சிந்துஜா முதல்நாள் மாலை என் நாற்காலியருகே வந்து நின்றாள்.

"மாமா, நாளைக்குப் பார்க்குக்கு நீங்களும் வரவேணும். பிள்ளையள் ரெண்டு, எனக்குக் கையும் ரெண்டு. அப்ப பையை ஆர் தூக்கிறது?"

"நாளைக்கு அம்மான்ர விரதமெல்லே பிள்ளை. மத்தியானம் முடிச்சுப்போட்டுப் பின்னேரம் போவமே?"

"பின்னேரம் மழை வரும். மழை வராட்டிச் சனம் வரும். ரெண்டு தரம் தள்ளிப்போட்டாச்சு, மாமா. ஒருக்கா மழை, ஒருக்கா சின்னவனுக்குக் காய்ச்சல். மூண்டாந்தரமும் இல்லையெண்டு நீங்களே அவளுக்குச் சொல்லுங்கோ."

'அவள்' கதவடியில் நின்றாள். ஆறு வயதுப் பேத்தி ஆதிரை. மறுநாள் பயணத்துக்கு முதல்நாள் மாலையே சப்பாத்து அணிந்திருந்தாள். அந்தச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு 'இல்லை' என்று சொல்ல உங்களால் முடியுமா? என்னால் முடியவில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நின்றது.

"படையல்? காகம்?"

"படையலைக் கட்டிக்கொண்டு போவம். காகத்துக்கென்ன மாமா, கொழும்பு முழுக்க அதின்ர வீடுதானே."

மறுநாள் விடியுமுன் சிந்துஜா அடுப்பை மூட்டிவிட்டாள். சோறு, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், பூசணி, கீரை, வடை, பாயசம்... அம்மாவின் படத்துக்கு முன் விளக்கேற்றி அனைத்தையும் படைத்தோம். பின் அவை பாத்திரங்களுக்குள் புகுந்தன. பாத்திரங்கள் பைக்குள் புகுந்தன. அதற்குப் பின்பும் அந்தப் பைக்குள் மாற்றுடை, துவாய், தொப்பி, தண்ணீர், பிஸ்கட், நுளம்புக்கடிக்குப் பூசும் களிம்பு, மூன்று வயதுப் பேரன் வேலவன் விட்டுப் பிரியாத ஒற்றைக் காது முயல் பொம்மை ஆகியவற்றுக்கு இடம் இருந்தது.

ஒரு மூர்த்தியை வீதியுலாவுக்கு எழுந்தருளச் செய்ய எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கோயிலோடு பழகிய நீங்கள் அறிவீர்கள். அலங்காரம் செய்ய ஒருவர், நைவேத்தியத்துக்கு ஒருவர், குடை பிடிக்க ஒருவர், கூட்டத்தை விலக்கச் சிலர். இங்கோ மூர்த்திகள் இருவர். எல்லாப் பணிக்கும் ஆள் ஒருத்திதான். அந்த மூர்த்திகளுக்கு அரை மணிக்கொரு நைவேத்தியம். நினைத்த இடத்தில் அபிஷேகமும் உண்டு. நான் பையைத் தூக்கினேன். அத்தனை ஆண்டுத் திருவிழாக்களில் கிட்டாத பணிவு, அந்தப் பையைத் தூக்கிய கணத்தில் கிட்டியது.

ஓட்டோ பம்பலப்பிட்டியைக் கடக்கையில் நின்றுவிட்டது. முன்னே ஐஸ்கிரீம் தன்சல். போவோர் வருவோர்க்கெல்லாம் வெசாக் நாளில் இலவசமாக உணவும் பானமும் வழங்கும் அந்த அறத்தை நான் என்றும் வியப்பவன். வெயிலில் வியர்த்து நின்ற சிங்கள இளைஞர் ஒருவர் ஓட்டோவுக்குள் தலையை நீட்டி, எங்கள் கைகளில் கிண்ணங்களை வைத்தார்.

"சீயா, கன்ன." தாத்தா, சாப்பிடுங்கள் என்கிறார்.

நான் கைகூப்பித் திருப்பிக் கொடுத்தேன். அவரும் கைகூப்பி வாங்கிக்கொண்டார். ஆதிரை இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அப்பப்பா வேண்டேல்லை?"

"இண்டைக்கு என்ர அம்மாவுக்கு விரதம். காகம் சாப்பிட்டாப் பிறகுதான் நான் சாப்பிடுவன்."

அவள் சற்று நேரம் தன் கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அதைத் தம்பியின் கையில் வைத்தாள்.

"அப்ப நானும் விரதம்."

"ஐஸ்கிரீமோட நிண்டாச் சரி," என்று சிந்துஜா என் காதோடு சொன்னாள். "சோத்துக்கு வழிக்கு வந்திடுவா."

வேலவன் இரண்டு கிண்ணங்களையும் முடித்தான். அவனுக்கு எந்த விரதமும் இல்லை.

விகாரமகாதேவி பூங்காவில் அன்று காலை நான் கண்டவற்றை எப்படிச் சொல்வேன்? சறுக்குமரத்தின் உச்சியில் ஆதிரை இரு கைகளையும் உயர்த்தி நின்ற கோலத்தைக் கைபேசியில் கண்டால் அது படம். நேரே கண்டால் அது காட்சி. கீழே அவளை ஏந்தக் காத்திருந்தது நான். என் முழங்கால் அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. சிந்துஜாவோ மகளின் ஊஞ்சலை ஆட்டிக்கொண்டே, முதுகுப்புறம் மண்ணை வாயில் வைக்கப்போன மகனைத் திரும்பிப் பாராமலே, "வேலவா, வேண்டாம்" என்றாள். எப்படித் தெரிந்தது? கேட்டேன்.

"சத்தமில்லாமல் இருந்தவன் மாமா."

நண்பகல் ஆனது. பெரிய மரமொன்றின் நிழலில் விரிப்பை விரித்தோம். சற்று அப்பால் நான் இலையைப் போட்டு, சோறும் கறிகளும் ஒவ்வொன்றாக வைத்து, அம்மாவை நினைந்து கண்மூடி, "கா... கா..." என்று அழைத்தேன்.

கண் திறந்தேன். காகம் இல்லை.

காகத்துக்கா கொழும்பில் பஞ்சம்? மரம் நிறையக் காகங்கள் இருந்தன. ஆனால் அத்தனையும் பக்கத்து விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே கொழும்பின் புதுக்கடைப் பகுதியிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம் - கணவர், மனைவி, சின்ன மகன். காலையில் எங்கள் வேலவன் அவர்களுடைய பந்தோடு ஓடியதில் தொடங்கிய அறிமுகம். அவர்களிடம் முட்டை ரோல்ஸ் இருந்தது.

"ஐயா," என்றார் அவர், "இந்தக் காக்காவக் கொஞ்சம் உங்கட பக்கம் கூப்பிடுங்களே. எங்கட புள்ளைக்கு ரோல்ஸ் ஒண்டும் மிஞ்சாது போல."

"கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறன் தம்பி. வருகுதில்லை."

"ஐயாட இலைல மரக்கறிதானே," என்றார் அவர் மனைவி. "அதுகள் முட்டையில ருசி கண்டுட்டு."

அந்த நல்ல மனிதர் எழுந்தார். தொப்பியைக் கழற்றி வீசி, "அங்க போ, ஐயா வெச்சிருக்கார், அங்க போ" என்று காகங்களை எங்கள் திசையில் விரட்டினார். அவை ஒருசேர எழுந்து, எங்கள் தலைக்கு மேலாகப் பறந்து, வீதிக்கு அப்பாலுள்ள மரத்துக்குப் போய்விட்டன. இப்போது எவரிடமும் காகம் இல்லை.

"மாப் பண்ணுங்க ஐயா," என்றார். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுபுறம் திரும்பினார்.

சிரிப்பு அடங்கியதும் எனக்குள் கலக்கம் தொடங்கியது. ஆண்டுக்கொருமுறை வரும் சித்திரைப் பூரணை. அம்மாவின் பங்கு தீண்டுவாரின்றி வெயிலில் உலர்கிறது. வீட்டுப் பல்கனியில் இந்நேரம் வழமையான காகம் வந்து வெறும் கட்டையைக் கொத்திக்கொண்டிருக்கும். உலாவின் பொருட்டு நோன்பைக் கைவிட்டவன் ஆனேனா?

அதைவிடப் பெரிய கலக்கம் என் பக்கத்தில் சம்மணமிட்டு அமர்ந்திருந்தது. ஆதிரை வழிக்கு வரவில்லை. தாய் நீட்டிய தட்டைத் தொடவில்லை. உதடு உலர்ந்து, கைகளை மடியில் கோத்து, இலையையே நோக்கியிருந்தாள்.

"பசிக்குதோ குஞ்சு?"

"இல்லை."

"பொய் சொல்லக்கூடாதெல்லே."

"விரதத்தில பசிக்கேல்லையெண்டு நீங்களும்தான் சொல்லுறனீங்கள்."

நான் உண்டால் அம்மாவுக்கான நோன்பு முறிகிறது. உண்ணாவிட்டால் இந்தக் குழந்தை வாடுகிறது. இரண்டு முறை தள்ளிப்போய், மூன்றாம் முறை கிட்டிய அவளுடைய நாள் அது. அக்கா உண்ணாததைக் கண்டு வேலவனும் சோற்றைத் தள்ளிவிட்டு அழத் தொடங்கினான்.

சிந்துஜா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு என்னருகே வந்து அமர்ந்தாள்.

"மாமா, ஒண்டு கேக்கட்டே? உங்கட அம்மா இருக்கேக்க ஆருக்கு முதல் சாப்பாடு குடுப்பா?"

"பிள்ளையளுக்குத்தான். எங்களுக்கு."

"பிறகு?"

"பிறகு அப்பாவுக்கு. பிறகு வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு. கடைசியாத்தான் அவ இருப்பா. அதுவும் நாங்கள் தட்டில விட்ட மிச்சத்தைத்தான் முதல் வாயில வைப்பா. எறிய விடமாட்டா."

"அப்ப இண்டைக்கு மட்டும், பிள்ளையள் பசியோட பாத்துக்கொண்டிருக்க அவ முன்னுக்கு வந்து சாப்பிடுவாவோ?"

அவள் குரலில் வாதம் இல்லை. மகனின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள். இறைவனை அம்மையே என்று அழைக்கும் பதிகங்களை நாள்தோறும் ஓதுகிறவன் நான். அந்த அழைப்பின் பொருளை ஒரு மரநிழலில், வியர்வை வழியும் முகத்தோடு ஒருத்தி எனக்கு எடுத்துரைத்தாள்.

"குழைச்சுக் குடு பிள்ளை," என்றேன்.

அவள் பெரிய பாத்திரத்தில் சோற்றையும் எல்லாக் கறிகளையும் ஒன்றாகக் குழைத்து உருண்டை பிடித்தாள். முதல் உருண்டையை நான் வாங்கி ஆதிரையின் உள்ளங்கையில் வைத்தேன்.

"நீங்கள்?"

"என்ர அம்மா சின்னப் பிள்ளையள் சாப்பிட்டாப் பிறகுதான் சாப்பிடுவா. நீர் சாப்பிட்டால்தான் அவ வருவா. அவ வந்தால்தான் நான் சாப்பிடலாம். இப்ப எல்லாம் உம்மட கையிலதான் இருக்கு."

அவள் இதை ஆராய்ந்தாள். சரியென்று கண்டாள். உண்ணத் தொடங்கினாள். அந்த வேகத்தைக் கண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வேலவனும் ஓர் உருண்டை வாங்கினான். ஒரு பக்கம் கடித்தான். பின் எவரும் தடுக்குமுன் தள்ளாடி நடந்து இலையருகே போய், கடித்த மிச்சத்தை அதன் நடுவே வைத்தான்.

"இந்தா, காக்கா."

படையலில் எச்சில். 'எடு' என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் மேலிருந்து ஒரு நிழல் இறங்கியது. எங்கிருந்து வந்ததோ, ஒற்றைக் காகம். இலையின் ஓரத்தில் அமர்ந்தது. நான் முறைப்படி வைத்த சோற்றைப் பார்த்தது. வடையைப் பார்த்தது. பாயசத்தைப் பார்த்தது. இரண்டடி வைத்து நடந்து, குழந்தை கடித்த அந்த உருண்டையைக் கொத்தி எடுத்துக்கொண்டு பறந்தது.

சிந்துஜா என்னைப் பார்த்தாள். பக்கத்து விரிப்பிலிருந்து புதுக்கடைக்காரர் சொன்னார்: "வந்துட்டு ஐயா. இனி நீங்க சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். அத்தனை ஆண்டு நோன்பில் அப்படியொரு கவளம் உண்டதில்லை. நாங்கள் கொடுத்த வடையை அவர்கள் உண்டார்கள். முழுதாக எஞ்சியிருந்த ஒரேயொரு ரோல்ஸை வேலவன் உண்டான். அவனுக்குத்தான் விரதம் இல்லையே.

அனைவரும் உண்டு முடித்த பின் திரும்பிப் பார்த்தேன். சிந்துஜா பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததை வழித்து, மகன் தட்டில் விட்ட சோற்றோடு சேர்த்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே, ஒரு கண்ணை ஊஞ்சலின் மேல் வைத்தபடி. அந்தக் கோலத்தை நான் எங்கோ கண்டிருக்கிறேன் அல்லவா?

"இரு பிள்ளை," என்றேன். "இருந்து சாப்பிடு." அவள் பங்குக்கென்று இரண்டு வடையை நானே ஒதுக்கி வைத்துவிட்டு, இரு மூர்த்திகளையும் கையில் பிடித்துக்கொண்டு ஊஞ்சலுக்குப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவள் மரத்தில் சாய்ந்து, காலை நீட்டி, மெதுவாக உண்டுகொண்டிருந்தாள்.

மாலையில் வீடு திரும்பினோம். பல்கனிக் கட்டையில் எங்கள் வழமையான காகம் அமர்ந்து பெருங்குரலில் கரைந்துகொண்டிருந்தது.

"அப்பப்பா, அது கோவிக்குது," என்றாள் ஆதிரை. "வாற பூரணைக்கு அதையும் கூட்டிக்கொண்டு போவம்."

இதை வாசிக்கும் நீங்கள் அனைவரும் நலமுற்று வாழ்க. உங்கள் பிள்ளைகள் வயிறாரட்டும். உங்களை விட்டுப் பிரிந்தோர் மனம் குளிரட்டும். எல்லோருக்கும் இட்டபின் கடைசியாய் அமர்கிறவருக்கும் ஒரு பிடி சூடான சோறு எம்பெருமான் திருவருளால் கிட்டட்டும். அருள் அவனுடையது - அந்நேரம் பிள்ளைகளை ஊஞ்சலுக்குக் கூட்டிப்போகும் பணி உங்களுடையது.