குடிநீர்க் கட்சியின் மூன்றாவது வாக்கு

மாவடிப்பள்ளிச் சபூறா ஆறு வருடம் தற்காலிக ஆசிரியையாகப் படிப்பித்துவிட்டு, 1981இல்தான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனாள். அந்த வருடம் குடியியல் விரிவுரையாளர் ஒரு மாதிரிப் பாராளுமன்றம் அமைத்தார். நாட்டின் பெயர் வெண்மணல் நாடு. உறுப்பினர்கள் பயிற்சி ஆசிரியர்கள் அறுபத்தொரு பேர். ஆளுங்கட்சிக்கு முப்பது ஆசனம், எதிர்க்கட்சிக்கு இருபத்தெட்டு.

மிஞ்சிய மூன்று பேர் சபூறாவின் கட்சி. விடுதிக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது. அதனால் கட்சிக்கு அவள் குடிநீர்க் கட்சி என்று பெயர் வைத்தாள். அறைத்தோழிகளான றபீக்காவையும் கல்முனைத் தங்கரத்தினத்தையும் சேர்த்துக்கொண்டாள். விடுதிக்கு ஒரு நல்ல கிணறு என்பது அவர்களின் ஒரே கோரிக்கை.

முதல் உரையை எழுத சபூறாவுக்கு நான்கு நாள் பிடித்தது. எழுந்து நின்றவளால் முதல் வரியையே வாசிக்க முடியவில்லை. தாளைப் பக்கத்திலிருந்த தங்கரத்தினத்திடம் நீட்டினாள்.

மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை தங்கரத்தினம். கரையில் நின்று தோணியைக் கூப்பிட்டுப் பழகிய குரல். எழுதியிருந்ததை அப்படியே வாசித்து, முடிவில் சொந்தமாக ஒரு வரி சேர்த்தாள்.

"இந்தத் தண்ணில ஊத்தின தேத்தண்ணிய மந்திரிமார் ஒருக்காக் குடிச்சுக் காட்டட்டும்!"

மண்டபமே கைதட்டியது. நான்கு நாள் எழுதியதற்கு ஒருவரும் தட்டவில்லை, அந்த ஒரு வரிக்குத் தட்டினார்கள். சபூறாவும் தட்டினாள். நெஞ்சுக்குள் ஏதோ எரிந்தது.

அடுத்த வாரம் சுவர்ப் பத்திரிகையில் "குடிநீர்க் கட்சித் தலைவி தங்கரத்தினம்" என்று வந்தது. சாப்பாட்டு மண்டபத்தில், "தங்கரத்தினத்துட கட்சிதானே நீங்களும்?" என்று ஒருத்தி கேட்டாள். சபூறா, "ஓம்" என்றாள். அன்றிலிருந்து தங்கரத்தினம் சிரிப்பதும் தலை வாருவதும்கூட அவளுக்குப் பொறுக்கவில்லை. உரைகளை மட்டும் தொடர்ந்து எழுதிக்கொடுத்தாள். கொடுக்காவிட்டால் பொறாமை என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

சபூறா எழுதிய கிணற்றுச் சட்டமூலத்துக்கு எதிர்க்கட்சி ஆதரவு தந்தது. இருபத்தெட்டும் மூன்றும் முப்பத்தொன்று. ஒரு வாக்கால் வெற்றி நிச்சயம். வாக்கெடுப்புக்கு முதல்நாள் ஆளுங்கட்சித் தலைவர் மீராசாஹிபு அவளிடம் வந்தார்.

"எங்கட பக்கம் வந்தா தண்ணீர் அமைச்சு உங்களுக்குத்தான், டீச்சர். உங்கட மூளையாலதான் அந்தக் கட்சி ஓடுது எண்டு எனக்குத் தெரியும்."

அமைச்சுப் பதவி அவளை அசைக்கவில்லை. கடைசி வார்த்தைகளைத்தான் விடியும்வரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சபாநாயகர் பெயர் பெயராகக் கூப்பிட்டார். றபீக்கா, "ஆதரவு." தங்கரத்தினம், "ஆதரவு." சபூறா தலையைக் குனிந்தபடி, "எதிர்" என்றாள்.

தான் எழுதிய சட்டமூலத்தைத் தானே தோற்கடித்தாள். றபீக்கா அன்றே கட்டிலை வேறு அறைக்கு மாற்றிக்கொண்டாள். தங்கரத்தினம் மட்டும் வந்து பக்கத்தில் இருந்தாள்.

"என்னில கோவமெண்டா எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே, சபூறா. கிணறு என்ன செஞ்சது?"

"எல்லாரும் உன்ட கட்சி எண்டுதானே கதைக்கிறாங்க?"

"எழுதினது நீயெண்டு நான் ஒவ்வொரு தரமும் சொன்னன். ஒருத்தரும் கேக்கல்ல. அதுக்கு நான் என்ன செய்ய?"

சபூறா இரண்டு வாரம் தண்ணீர் அமைச்சராக இருந்தாள். அமைச்சராக எழுந்த ஒரே நாளிலும் இரண்டு வசனத்தோடு உட்கார்ந்துவிட்டாள். பிறகு பரீட்சை வந்தது, வெண்மணல் நாடு கலைந்தது.

1986இல், யுத்தத்தால் பயணங்கள் குறைந்துபோன காலத்தில், கல்முனையில் ஓர் ஆசிரியர் கூட்டம். மேடையில் தங்கரத்தினம் முக்கால் மணித்தியாலம் பேசினாள். கையில் தாளே இல்லை. ஒவ்வொரு வசனத்திலும் ஒரு பிழையாவது அகப்படாதா என்று சபூறா காத்திருந்தாள். அகப்படவில்லை.

இறங்கி வந்த தங்கரத்தினம் அவளைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்தாள். சுற்றி நின்றவர்களிடம், "இவதான் எங்கட கட்சியத் தொடங்கின ஆள். எனக்குக் கதைக்கப் படிப்பிச்சதும் இவதான்" என்றாள்.

எல்லோரும் சபூறாவை மரியாதையோடு பார்த்தார்கள். ஐந்து வருடத்துக்கு முன் அவள் ஏங்கிய பார்வை அது. சிரித்தாள், நலம் விசாரித்தாள், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில்தான் தெரிந்தது, நெஞ்சின் எரிச்சல் தணியவில்லை என்று. குரலும் கைதட்டலும் இப்போது பெரிதாகத் தோன்றவில்லை. அத்தனையையும் மறந்து, ஓடிவந்து கையைப் பிடிக்கத் தங்கரத்தினத்தால் முடிந்ததே, அதுதான் சபூறாவுக்குப் பொறுக்கவில்லை.