அக்கா தேய்த்த கெண்டி

என் அக்கா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவள் சாப்பிடுவதுகூட அடுப்பு மேடையில் தட்டை வைத்து, நின்ற வாக்கில்தான். கல்லூரி விடுதியில் சமையல் வேலை. பிள்ளைகள் கடைசி வாயை எடுப்பதற்குள் தட்டை உருவிக்கொண்டு கழுவப் போய்விடுவாள். "பெரியக்கா, இன்னும் ஒரு வாய் பாக்கி இருக்கு" என்று அவள் பின்னால் ஓடுகிற பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். நேரில் பெரியக்கா. முதுகுக்குப் பின்னால் சக்கரத்தக்கா.

அத்தான் நேர் எதிர். தையல்காரர். மிஷின் முன்னால் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். "எங்க ரெண்டு பேருக்கும் சேத்து நானே உக்காந்துடறேன் மச்சான்" என்பார்.

எங்கும் போகாத அக்காவிடம் ஒரு பாஸ்போர்ட் இருந்தது. காலாவதியானால் புதுப்பித்துக்கொள்வாள். என் வெல்டிங் பட்டறைக்கு வந்து பெருமையாகக் காட்டுவாள்.

"யாருக்கா உன்னக் கூப்புடப் போறாங்க?"

"கூப்புட்டப்புறம் போயி வரிசையில நிக்க முடியுமாடா?"

கூப்பிட்டார்கள். விடுதிப் பிள்ளைகளின் இளைஞர் மன்றம் வெளிநாட்டுக்குத் தொண்டு வேலைக்குக் கிளம்பியது. அங்கே மலைச் சரிவில் ஒரு பள்ளிக்கூடம். மழை அடித்துக்கொண்டு போன நடைபாதையைக் கல் பாவி மறுபடி போட வேண்டும். பகலில் மண்வெட்டி, சாயங்காலம் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு பாட்டு, ஆட்டம், கலாச்சாரப் பரிமாற்றம். பெண்பிள்ளைகள் தங்குகிற வீட்டில் துணைக்கு வயது வந்த பெண் ஒருத்தி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. போக இருந்த டீச்சர் மாடிப்படியில் கால் பிசகி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார். கையில் பாஸ்போர்ட்டோடு தயாராக நின்ற பொம்பளை எங்கள் அக்கா ஒருத்திதான்.

இனி நான் சொல்வதெல்லாம் பாதி அக்கா போனில் சொன்னது, பாதி அவளோடு போன ஒரு பெண் வந்து சொன்னது. அந்தப் பெண்ணை மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். ரகசியம் சொன்னால்கூடத் தெருமுனைக்குக் கேட்கும். அந்த நாட்டு பாஷை கொஞ்சம் பேசத் தெரிந்தவள் அவள் மட்டும்தான்.

பெண்பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். தனி ஆள். பெரிய உடம்பு, குறைந்த பேச்சு. போன அன்றைக்கே அக்காவைக் கூடத்தில் ஒரு சாய்வு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அக்கா அதன் கைப்பிடியில் சேலைத் தலைப்பால் தூசி தட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த அம்மா கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். விருந்தாளி பாத்திரத்தில் கை வைக்கக் கூடாதாம். அக்காவுக்குக் கையைக் கட்டிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"ஜெயில்ல போட்டிருக்காங்கடா. மூணு வேளையும் சோறு போட்டு, வேல குடுக்காம வெச்சிருக்காங்க."

"ஊரு சுத்திப் பாரேன்க்கா."

"பாத்தாச்சு. ரெண்டு தெரு. பாதை போடற எடத்துக்குப் போனா, பெரியவங்க கல்லு தூக்கக் கூடாதுன்னு அங்கயும் ஒரு நாற்காலி."

ஒரு சாயங்காலம் அந்த வீட்டுக் கூடத்திலேயே ஆட்டம் பாட்டம். அக்காவை முதல் வரிசையில் உட்கார்த்தினார்கள். இரண்டாவது பாட்டு முடிந்து கை தட்டுகிற சத்தத்தில் அவள் நழுவிவிட்டாள். கூடத்தில் ஒரு கலாச்சாரப் பரிமாற்றம் நடந்தது. அடுப்படியில் நடந்தது வேறு.

மேடையில் டீ ஊற்றுகிற பீங்கான் கெண்டி இருந்தது. வெளியே வெள்ளை வெளேர். மூடியைத் திறந்தால் உள்ளே அடுப்புப் புகை பிடித்த மாதிரி கறுப்பு. விடுதியில் இப்படி ஒரு பாத்திரம் இருந்தால் வார்டன் அக்காவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். பாவம், தனி ஆள், பஸ் ஓட்டவே நேரம் போதவில்லை என்று நினைத்திருக்கிறாள். உப்பையும் சோடாவையும் போட்டு, கை நுழையாத இடத்துக்குக் கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றி, விடாமல் தேய்த்தாள். பாட்டு முடிவதற்குள் கெண்டி உள்ளும் புறமும் பால் மாதிரி ஆகிவிட்டது. கொண்டுபோய்க் கூடத்து மேஜை நடுவில் வைத்தாள், மெச்சுவார்கள் என்று.

அந்த அம்மா மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். மூடினார். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் மைக்கிடம் விஷயத்தைச் சொன்னார்கள். அங்கே டீக் கெண்டியின் உள்பக்கத்தைத் தேய்க்க மாட்டார்களாம். வெறும் தண்ணீரில் அலசிக் கவிழ்ப்பதோடு சரி. கறை ஏற ஏறத்தான் டீக்கு ருசி. அந்தக் கெண்டி இந்த அம்மாவின் அம்மா வைத்திருந்தது. அவர் கையால் போட்ட டீயின் கறையும் அதில் இருந்தது. அவர் இப்போது இல்லை.

காலையில் பயணத்தை ஏற்பாடு செய்த அமைப்பாளர் வந்து நின்றார். அந்த அம்மா அவருக்குப் போன் போட்டிருக்கிறார், இந்தப் பொம்பளை என் வீட்டில் இருக்க வேண்டாம் என்று. இத்தனை பெண்களுக்கு இடம் உள்ள வீடு அந்த ஊரில் வேறு இல்லை. அக்கா வெளியேறினால் துணை இல்லை. துணை இல்லாவிட்டால் பெண்பிள்ளைகள் எல்லாம் அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டியதுதான்.

"பாதை பாதிகூட ஆகல பெரியக்கா" என்றாள் ஒருத்தி. அழவில்லை. ஆனால் மண்வெட்டியை விடவில்லையாம். இந்தப் பயணத்துக்காக வீட்டில் சண்டை போட்டு, கெஞ்சி, பட்டினி கிடந்து வந்த பிள்ளைகள் அவர்கள். தன்னால் அது கெட்டது என்றால் திரும்பி வந்து எந்த முகத்தோடு விடுதியில் சோறு போடுவது? அக்கா எனக்குப் போன் செய்தபோது மூச்சு வாங்கியது. நடந்துகொண்டே பேசினாள்.

"தேச்சதத் திருப்பி ஒட்ட முடியுமாடா? உன் பட்டறைல ஏதாச்சும் வழி இருக்கா?"

"கறைய வெல்டிங் வெக்க முடியாதுக்கா. போயி கால்ல விழு."

அந்த அம்மா பஸ்ஸை நிறுத்திவிட்டு வருகிறவரை அக்கா வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். வந்ததும் மைக்கை முன்னால் தள்ளினாள்.

"மன்னிப்புக் கேளு பாப்பா. மெதுவாக் கேளு."

மைக் மெதுவாகக் கேட்டதில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அந்த அம்மா அக்காவின் கால்களைப் பார்த்தார். பிறகு பேசினார். மைக் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"கெண்டிக்காக மட்டும் இல்லையாம் பெரியக்கா. வந்ததுலேந்து அவங்க வீட்ல நீங்க ஒரு வாய் டீகூட உக்காந்து குடிக்கலையாம். நின்னுக்கிட்டே ஊத்திக்கிட்டுக் கப்பைக் கழுவி வெச்சுடறீங்களாம். என் வீட்டு நாற்காலி உங்களுக்கு ஆகலையான்னு கேக்கறாங்க."

நாற்காலியில் உட்காராதது ஒரு மரியாதைக் குறைவு என்று அக்காவிடம் யாரும் சொன்னதில்லை.

"கறை திரும்ப வரணுமாம். அதுக்கு டீ போடணுமாம். போட்டதக் குடிக்க ஆள் வேணுமாம். அவங்க பஸ் முடிச்சிட்டு வந்து இருட்டற வரைக்கும் தினமும் நீங்க உக்காந்து குடிக்கறதா இருந்தா, இங்கயே இருக்கலாமாம்."

"வேற தண்டனையே கெடைக்கலையா இவளுக்கு" என்றாள் அக்கா. "இத மட்டும் சொல்லிடாத. சரின்னு சொல்லு."

அடுத்த நாளிலிருந்து அடுப்படி ஜன்னலோரம் இரண்டு நாற்காலி. பெண்பிள்ளைகள் பகலெல்லாம் கல் சுமந்தார்கள். அக்கா சாயங்காலமெல்லாம் உட்கார்ந்தாள். எது கஷ்டம் என்று கேட்டால் உட்காருவதுதான் என்பாள்.

"காலெல்லாம் எறும்பு ஊருதுடா. கைய என்ன பண்றதுன்னு தெரியல. கப்பை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கறேன், இல்லேன்னா அது பாட்டுக்கு மேஜையத் தொடைக்கப் போயிடுது."

"அந்தம்மா என்ன பேசறாங்க?"

"அவ பாஷைல அவ பேசறா. நம்ம பாஷைல நான் பேசறேன்."

"என்ன பேசுவ?"

"என்னென்னமோ."

எங்கள் அம்மா இறந்துபோனதைப் பற்றி என்னிடம்கூட அவள் உட்கார்ந்து பேசியதில்லை. அன்றைக்கும் வந்தவர்களுக்கெல்லாம் காபி போட்டுக்கொண்டே இருந்தாள். அது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது.

பாதை முடிந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதில் நடந்த அன்று, கெண்டியின் அடியில் மங்கலாக ஒரு பழுப்பு வளையம் தெரிந்ததாம். அந்த அம்மா அக்காவைக் கூப்பிட்டு அதைக் காட்டினாராம்.

திரும்பி வந்தவள் மறுநாளே நின்றபடி சாப்பிட்டாள். திருந்திவிட்டாள் என்று நினைத்த அத்தான்தான் ஏமாந்தார்.

இப்போது அந்த நாட்டுப் பிள்ளைகள் இங்கே வருகிறார்கள். துணைக்கு வருவது அந்த பஸ்காரம்மா. தங்குவது அக்கா வீட்டில். சேதி வந்ததிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை. நேற்றுப் பட்டறைக்கு வந்தாள்.

"ரெண்டு நாற்காலி அடிச்சுக் குடுடா, அடுப்படிக்கு. ஒண்ணு அகலமா இருக்கட்டும், அவ பெரிய உடம்பு."

"இன்னொண்ணு யாருக்கு, அத்தானுக்கா?"

"கிண்டல் பண்ணாத."

"அப்ப ஒக்காரு, முட்டி உசரம் எடுக்கணும்."

"நின்னா எடுக்க முடியாதா?"

ஒரு பெட்டியை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தாள். நான் டேப்பை எடுத்துத் திரும்புவதற்குள் எழுந்து, தரையில் கிடந்த வெட்டுத் துண்டுகளை ஓரமாகப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கண் அளவில்தான் அடித்துக் கொடுத்தேன்.

இன்று கொண்டுபோய்ப் போட்டேன். அடுப்பு மேடையில் புதிதாக ஒரு வெள்ளைக் கெண்டி. தினமும் டீ போட்டு ஊற்றி வைக்கிறாள், அவர் வருவதற்குள் கொஞ்சமாவது கறை பிடிக்கட்டும் என்று. மூடியைத் திறந்து பார்த்தேன். லேசாகப் பிடித்திருக்கிறது.

வீட்டில் பாத்திரம் தேய்க்கிற நார் ஒன்றைக்கூடக் காணவில்லை. அத்தானைக் கேட்டேன். துணி தைக்கிற மிஷின் டிராயரைத் திறந்து காட்டினார். எல்லாம் உள்ளே இருந்தன.

"அவளே குடுத்து வெச்சா மச்சான். கேட்டாலும் குடுக்காதன்னு சொல்லிட்டுப் போனா. காலைலேந்து ரெண்டு தரம் வந்து கேட்டுட்டா."