விருந்தை விரட்டிய காலை

மொட்டையண்ணனுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தலையில் ஒரு முடி கிடையாது, கழுத்தும் நீளம். செத்த மாடுகளை டிராக்டரில் ஏற்றிப் போய், அவரைப் போலவே மொட்டைத் தலையும் நீளக் கழுத்துமாக இருக்கும் பாறு கழுகுகளுக்குப் போடும்போது, "சொந்தக்காரங்களுக்குச் சோறு போடப் போறாரு" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அருகிவரும் அந்தக் கழுகுகளைக் காக்க ஊர்க்காரர்கள் ஒரு குழு வைத்திருந்தார்கள். வலிக்குப் போடும் ஒரு வகை ஊசி மாட்டின் உடம்பில் இருந்தால், அந்தக் கறியைத் தின்ற கழுகு சில நாளில் கழுத்து தொங்கிச் செத்துப்போகும். அதனால் ஏற்றுமுன் "ஊசி போட்டீங்களா?" என்று எல்லா வீட்டிலும் அண்ணன் கேட்பார். அன்று மட்டும் கேட்கவில்லை. மாடு மச்சானுடையது, மனைவியின் தம்பி. குழுவில் வாய் கிழியப் பேசுகிறவனே அவன்தான். அவனிடம் போய் என்ன கேட்பது?

அவசரம் வேறு. கழுகு பார்க்க வருகிறவர்களுக்கென்று அண்ணி வீட்டில் இரண்டு அறை ஒழித்து வெள்ளையடித்திருந்தாள். முதல் விருந்தாளிகள் வந்திருந்தார்கள், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும்.

"கொட்டாவிகூட சத்தமில்லாம விடணும்" என்று சொல்லி அண்ணன் அவர்களைத் தட்டி மறைப்புக்குள் உட்கார வைத்தார். கழுகுகள் ஒவ்வொன்றாக இறங்கின. கண்டக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் அண்ணனின் போன் அதிர்ந்தது. மச்சான்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. மாட்டுக்கு அந்த ஊசி போட்டிருக்காங்க. வீட்ல இவ இப்பத்தான் சொல்றா."

அண்ணன் துண்டை உதறிக்கொண்டு வெளியே கழுகுகளை நோக்கிப் பாய்ந்தார். எத்தனையோ வருஷமாக வருந்தி வருந்தி அழைத்த விருந்தை, "ஓடு, போ" என்று கத்தித் துரத்தினார். விருந்தாளிகள் வாய் பிளந்தார்கள். விஷயம் புரிந்ததும் கண்டக்டர் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார் பாருங்கள், மரத்திலிருந்தவையும் பறந்தன. ஆனால் இடது இறக்கையில் ஓர் இறகு குறைந்த இளங்கழுகு அதற்குள் ஒரு வாய் விழுங்கியிருந்தது.

மாட்டை ஆழமாகப் புதைத்தார்கள். மச்சான் தலையைத் தொங்கப் போட்டபடி வந்தான்.

"வாடா, ஊருக்கே உபதேசம் பண்ணினவனே" என்றாள் அண்ணி. பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "இவரு மட்டும் என்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தாரு?"

மறுநாள் கிளம்ப வேண்டிய கண்டக்டர் மனைவி பையை எடுக்கவே இல்லை. "அந்தக் குட்டி என்னாச்சுன்னு தெரியாம எப்படிம்மா வண்டி ஏறறது?"

அதன்பின் தினமும் ஐந்து பேரும் கழுகுகள் தங்கும் பாறைக்கு எதிரே போய் உட்கார்ந்தார்கள், சாப்பாட்டுத் தூக்கோடு. இளங்கழுகு ஒரு மூலையில் உம்மென்று இருந்தது. அது கழுத்தைச் சாய்க்கும்போதெல்லாம் அண்ணன் எழுந்து நின்று பார்ப்பார். மச்சானுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் அது எழுந்தது. சோம்பல் முறித்தது. நடந்து போய், வெயில் படும் இடத்தில் இருந்த பெரிய கழுகை முதுகில் கொத்தித் தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்துகொண்டது.

"சீட்டுக்குச் சண்டை போடுதுங்க. இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார் கண்டக்டர். "என் சர்வீஸ்ல பாத்துட்டேன்."

மச்சான் சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. அண்ணி அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.