இல்லாத நாய்க்கு ஒரு பலகை

லென்ஸ் அக்காவின் வீட்டில் நாய் கிடையாது. மகளைத் தவிர இது வேறு யாருக்கும் தெரியாது. மூன்று வருடமாக அக்கா இந்த ரகசியத்தை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டதுபோலக் காத்துவந்தார்.

வேலை கண்ணாடிக்கடையில். ஃபிரேமுக்கு ஏற்றபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துவார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் மாட்டிய எழுத்துகளை மேலிருந்து கீழே படிக்கச் சொல்வதும் அவர்தான். கடைசி வரிக்கு வந்ததும் முக்கால்வாசிப் பேர் மானத்துக்குப் பயந்து எதையாவது அடித்துவிடுவார்கள். அக்கா விடமாட்டார்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. யூகிக்காதீங்க. பொய் சொன்னா பொய்க் கண்ணாடிதான் கெடைக்கும்."

இருபத்திரண்டு வருடத்தில் இந்த வசனத்தைச் சொல்லாத வேலைநாள் கிடையாது.

கணவர் போய்ச் சேர்ந்து, மகளும் வேலைக்காக வேறு ஊர் போன பிறகு அக்கா தனி. ஒரு பட்டப்பகலில், அவர் கடையில் இருந்த நேரத்தில், திருடன் வந்துபோனான். கொண்டுபோனது ஒரு ரேடியோ, ஒரு கைக்கடிகாரம். அது போகட்டும். சமையலறையில் தண்ணீர் குடித்துவிட்டு, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான். விசாரிக்க வந்த போலீஸ்காரர் அதைப் பார்த்து, நல்ல பழக்கம் என்றார். அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. அவசரமே இல்லாத திருடன் மறுபடி வருவான் அல்லவா?

மறுநாளே கேட்டில் பலகை ஏறியது: 'நாய் ஜாக்கிரதை'. காலையில் பூட்டும்போது உள்பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சும்மா கெட, சாயங்காலம் வந்துடுவேன்" என்று ஓர் அதட்டல். அக்காவின் நடிப்பு அவ்வளவுதான். மீதியை எதிர்வீட்டு டீச்சரம்மா பார்த்துக்கொண்டார். முப்பது வருடம் பலகையில் எழுதியதையெல்லாம் பிள்ளைகளை நம்பவைத்து ஓய்வுபெற்றவர். பலகையில் இருப்பதை அவரே நம்பாவிட்டால் எப்படி? மூன்றாம் வாரமே வந்து, மத்தியானத்தில் நாய் குரைத்துத் தூக்கம் கெடுகிறது என்று புகார் சொன்னார். அக்கா மன்னிப்புக் கேட்டார். கண்டித்து வைப்பதாகவும் சொன்னார். வேறு என்ன சொல்வது?

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் நகராட்சி மண்ணள்ளிப் போட்டது. 'வீட்டு முகப்புக் காட்சி விதிகள்' என்று ஒன்று வந்தது. சொந்தச் சுவரானாலும் சொந்தக் கேட்டானாலும், பெயரும் கதவு எண்ணும் போடலாம். எழுத்து இரண்டு அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கொடி, வாசகம், வாழ்த்து கூடாது. எச்சரிக்கைப் பலகை வைக்கலாம், எச்சரிக்கிற ஆபத்து உண்மையிலேயே அங்கே இருந்தால். தெருவில் வாயைப் பிளந்து கிடக்கிற சாக்கடைக்குப் பலகை வைப்பது யார் பொறுப்பு என்று மட்டும் விதியில் இல்லை.

நோட்டீஸ் கேட்டிலேயே ஒட்டப்பட்டிருந்தது. பதினைந்து நாளில் நாயைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் பலகையைக் கழற்ற வேண்டும்.

அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை நாள் பலகையைப் பார்த்துத் திரும்பிப்போன ஏதோ ஒரு கண், இனி வெறும் கேட்டைப் பார்க்கும். போனில் சொன்னபோது மகள், நிஜமாகவே ஒரு நாய் வளர்க்க வேண்டியதுதானே என்றாள். நாயைக் கண்டாலே அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து கைகால் உதறும். அந்த வாரம் கடையில் இடது கண் லென்ஸை வலது பக்கம் மாட்டிவிட்டார். அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

பதினான்காம் நாள் நகராட்சி ஆய்வாளர் வந்தார். கேட்டுக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டார்.

"கட்டிப் போட்டிருக்கீங்களா?"

"ஏன் சார்?"

"இருக்கட்டும், நான் உள்ள வரல. இங்கேர்ந்தே எழுதிக்கிறேன். என்ன கலர்?"

பழுப்பு என்று அக்காவின் வாயில் தானாக வந்துவிட்டது. வயது நாலு என்றும் வந்தது. ஆய்வாளர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார். இன்னும் ஒரே கட்டம்தான் பாக்கி: தடுப்பூசி போட்ட தேதி. அவர் படிவத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கினார்.

"மாசம் கேக்குறானா, வருஷம் கேக்குறானா... ஏதோ ஒண்ணு போட்டுக்கிறேன்."

பழக்கம் யாரை விட்டது?

"யூகிக்காதீங்க சார்," என்றார் அக்கா. சொன்ன பிறகு மேற்கொண்டு பொய் வரவில்லை. "நாய் இல்ல."

ஆய்வாளர் முதல் வேலையாக உள்ளே வந்து, உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அக்கா தம்ளர் கதையைச் சொன்னார். மனிதருக்கு மனசு இளகிவிட்டது. இளகிய அதிகாரியிடம்தான் ரொம்ப கவனமாக இருக்க வேண்டும், உதவி செய்ய ஆரம்பித்துவிடுவார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். எச்சரிக்கை என்றால்தான் உண்மை வேண்டும். அலங்காரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

"அலங்காரம்னு பதிஞ்சுடறேன். இனிமே உங்க பலகைய யாரும் தொட முடியாது."

அக்கா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து காலையில் ஓர் ஆள் வந்து, பலகைக்குக் கீழே பலகையைவிடப் பெரிய அட்டை ஒன்றைத் திருகி மாட்டிவிட்டுப் போனான். 'அலங்காரப் பலகை. இவ்வீட்டில் நாய் இல்லை என்று உறுதி செய்யப்பட்டது.' கழற்றினாலோ மறைத்தாலோ அபராதம். இரண்டு அங்குல வரம்பு நகராட்சிக்குக் கிடையாது போலிருக்கிறது, எழுத்து மூன்று அங்குலம். அக்கா தொழில்முறையில் தள்ளித் தள்ளி நின்று பார்த்தார். பத்தடியில் தெரிந்தது. முப்பதடியில் தெரிந்தது. தெருமுனையில் நின்றாலும் பளிச்சென்று தெரிந்தது.

கடைக்கு நேரமாகிவிட்டது. பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டருகிலேயே நின்றார். எதிர்வீட்டு டீச்சரம்மா தெருவைக் கடந்து வந்தார். அட்டையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"போன மாசம் நீதானே போட்டுக் குடுத்தே இந்தக் கண்ணாடிய?"

"ஆமா டீச்சர்."

"சரியில்ல. இதுல பாத்தா நாய் இல்லன்னு தெரியுது. நேத்து மத்தியானம்கூட ஒரே குரைப்பு, பொட்டுத் தூக்கமில்ல எனக்கு."

இருபத்திரண்டு வருட வசனம் தொண்டை வரைக்கும் வந்தது. அக்கா அதை விழுங்கிவிட்டு, கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். லென்ஸில் ஒரு குறையும் இல்லை.

"பவர் மாறியிருக்கும் டீச்சர். கடைக்கு வாங்க, பாத்துடலாம்."

தெருமுனையில் யாரோ ஒருவன் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான். அக்கா பூட்டை மாட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, உள்பக்கம் திரும்பினார். "சும்மா கெட," என்று அதட்டினார்.

டீச்சரம்மா கேட்டைவிட்டு ஓரடி பின்வாங்கி நின்றுகொண்டார்.