விசுவநாதன் அத்தானின் பட்டறை

செய்தி என் அலுவலகத் தொலைபேசியில் வந்தது. அக்கா அழவில்லை. "முத்து, அத்தான் போயிட்டார். ஆஸ்பத்திரிக்கு வா. வர்ற வழியில பட்டறை பூட்டியிருக்கான்னு பாத்துட்டு வா" என்றாள். மார்ச் மாதத்துச் சேற்றுப்பனியில் பட்டறை இருக்கும் செயின்ட்-மிஷேல் வரை வண்டியை ஓட்டிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்ததும் சாவியைத் திருகாமல் சீட்டில் சாய்ந்துகொண்டேன். அழுகைக்கு முன்னால் அசதிதான் வந்தது. அத்தானோடு வேலை செய்தவர்களுக்கு இது புரியும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். என் அக்கா கோமதியின் கணவர் விசுவநாதன். அறுபதுகளின் கடைசியில் மொன்ட்ரியாலுக்கு வந்த பொறியாளர். நம்மவர்கள் நல்ல வேலைகளில் ஊன்றி, கர்க்லாண்டு புறநகரில் வீடு பார்க்கத் தொடங்கிய சமயத்தில் இவர் இருந்த வேலையை விட்டார். ஓட்டல்காரர்கள் தூக்கிப் போடும் பழைய குளிர்பெட்டிகளை வாங்கி, கம்ப்ரசர் மாற்றி, பெயின்ட் அடித்து, தெப்பனர் என்று இங்கே சொல்லும் தெருமுனைச் சில்லறைக் கடைகளுக்கு விற்கும் பட்டறை ஒன்றை ஆரம்பித்தார். "படிச்ச படிப்புக்கு இதுவா?" என்று நண்பர்கள் கேட்டார்கள். "படிச்சதாலதான் பெட்டி மறுபடி ஓடுது" என்பார்.

அவருடைய துணிச்சல் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. அந்தத் துணிச்சலுக்கு உடம்பு கொடுத்தவர்கள் நாங்கள். பௌதிகம் படிக்க வந்த அவர் தம்பி சுந்தரம் ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு வெல்டிங் பழகினான். வரைபட அலுவலகத்தில் இருந்த நான் அந்த வேலையை விட்டுப் பட்டறை வண்டி ஓட்டினேன். அக்கா தொலைபேசி எடுத்தாள். கடைக்காரர்களோடு பேசிப் பேசியே பிரெஞ்சு கற்றுக்கொண்டாள். ஆள் வைக்கச் சொன்னால், "வீட்டு ஆளுங்க இருக்கறப்ப வெளியாள் எதுக்கு?" என்பார் அத்தான். ஜனவரியில் இரும்புப் படிகளில் குளிர்பெட்டியை இறக்குவோம். பெட்டிக்குள்ளே இருப்பதைவிட வெளியே குளிர் அதிகம். கனமான அடிப்பக்கத்தை எப்போதும் அவரே பிடிப்பார். அதனால் அவர் மேல் கோபப்படவும் முடியாது.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சொல்லை யாரும் மறுக்கக் கூடாது. சோற்றில் கை வைத்தவரின் மனம் நோகக் கூடாது என்பார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் எல்லோரும் ஒன்றாக இருந்த ஒரே நேரம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு என்பதால், தொழில் முடிவுகளையெல்லாம் அத்தான் அங்கேதான் சொல்வார். நாங்கள் தலை குனிந்து சாப்பிடுவோம். சம்மதம் என்று அவர் எடுத்துக்கொள்வார். பல வருஷம் எங்கள் கம்பெனி இப்படித்தான் நடந்தது.

எழுபதுகளின் நடுவில் ஒரு ஞாயிறு, ரசத்துக்குச் சோறு பிசைந்துகொண்டே சொன்னார்: "மொன்ட்ரியால்-நோர்ல இன்னொரு பட்டறை பேசி முடிச்சிட்டேன். சுந்தரம் அங்க உக்காருவான். முத்து இங்க." சுந்தரத்துக்கு ஒரு கல்லூரியில் ஆசிரியர் வேலை வந்திருந்தது. பதில் சொல்ல அந்த வாரத்தோடு கெடு முடிகிறது. அது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். அவன் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தான்.

பரிமாறிக்கொண்டிருந்த அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "இதைச் சாப்பிட்டு எந்திரிச்சப்புறம் கேளுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"இப்பக் கேட்டா யாரும் பேச மாட்டாங்க. உங்களுக்கே தெரியும்."

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. மோர் சாதம் முடித்துக் கூடத்துக்கு வந்து, நின்றுகொண்டே கேட்டார்: "சுந்தரம், உனக்கு இஷ்டம்தானே?"

"இல்லண்ணே. எனக்குப் பாடம் நடத்தணும்."

"முத்து?"

"எனக்கும் முடியல அத்தான்."

அத்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப யாருக்காக இதைக் கட்டினேன்?" என்றார்.

"என்னைக் கேக்கலையே" என்றாள் அக்கா. "எனக்கு இந்த வேலை பிடிச்சிருக்கு. உங்க பொண்டாட்டிங்கறதுக்காகச் சொல்லல. இவங்க போகட்டும். ஆள் வைங்க, நான் நடத்தறேன்."

அத்தனை வருஷத்தில் அவளிடம் ஒருவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

மொன்ட்ரியால்-நோர் பேச்சை அத்தான் கைவிட்டார். சுந்தரம் கல்லூரிக்குப் போனான். நான் வரைபட மேசைக்குத் திரும்பினேன். கோபத்தை அவர் ஒரு நாளும் காட்டவில்லை. ஆனால் ஞாயிற்றுச் சாப்பாட்டில் பேச்சு குறைந்தது. ஒரு தடவை என்னோடு வண்டியில் வரும்போது சொன்னார்: "உங்களுக்காகப் பண்றேன்னு நான் நெனச்சிட்டிருந்தேன். நீங்க எனக்காகப் பண்ணிட்டிருந்திருக்கீங்க. இத்தனை வருஷம் எல்லாருமே களைச்சதுதான் மிச்சம்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பேச்சு இப்போதும் என்னை வருத்துகிறது.

ஆனாலும் பட்டறை முன்பைவிட நன்றாக நடந்தது. வெளியாட்கள் இரண்டு பேரை அக்காதான் தேர்ந்தெடுத்தாள். கடைசி மாதங்களில், நெஞ்சு வலியோடு படுத்திருந்தபோது, பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தான், "இப்ப கம்பெனி அவளோடது. நான் ஆரம்பிச்சதோட சரி" என்பார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு தொழிலைத் தொடங்கத் துணிச்சல் போதும். அதில் தன் வீட்டார் யாருக்கு விருப்பம், யாருக்கு இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அதைவிடப் பெரிய மனசு வேண்டும். தாமதமாகத்தான் என்றாலும் அவருக்கு அந்த மனசு வந்தது.

தகனம் முடிந்த மறுநாள் காலை அக்கா பட்டறைக்குப் போக வேண்டும் என்றாள். நான் கொண்டுபோய் விட்டேன். விளக்கைப் போடுவதற்குள் தொலைபேசி அடித்தது. குளிர்பெட்டி இன்னும் வரவில்லை, பால் கெட்டுப்போகிறதே என்று ஒரு கடைக்காரர். கணவர் இறந்துவிட்டார் என்று அக்கா பிரெஞ்சில் சொன்னாள். அந்தப் பக்கம் பேசி முடிக்கும்வரை கேட்டாள், "மெர்சி" என்று நன்றி சொன்னாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் கடைக்காரருடைய குளிர்பெட்டி எத்தனை மணிக்கு வரும் என்பதையும் சொன்னாள்.

அத்தான், உங்களுக்கு இனிமேல் கனமான பக்கம் கிடையாது. படுத்து ஓய்வெடுங்கள். பட்டறை திறந்துதான் இருக்கிறது.