இரண்டு வீட்டு மந்தை

லியோன் மலையோரத்து வால்டெசோராவில் ஆடு மேய்க்கக் கூலிக்கு ஆள் வைத்ததே கிடையாது. வீட்டுக்கு வீடு முறை. இன்று மேய்த்தவர் சாயங்காலம் மந்தைக்கோலை அடுத்த முறைக்காரர் கதவில் மாட்டி, ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். ஒனோரினா இந்த ஊருக்கு மருமகளாக வந்த காலத்தில் கோல் எல்லா வீட்டையும் சுற்றிவர ஒரு மாதம் ஆகும். பிறகு சிலர் சுரங்கத்துக்குப் போனார்கள், சிலர் பில்பாவோ தொழிற்சாலைகளுக்கு, மிச்சப்பேர் கல்லறைக்கு. கடைசியில் இரண்டே வீடு. கீழே ஒனோரினா, மேலே எலாடியோ. இன்று இவள், நாளை அவன்.

எலாடியோவை அவளுக்குப் பெரிதாகப் பிடித்ததில்லை. கஞ்சன், வாயைத் திறந்தால் குத்தல். ஆனாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து கதவைத் தட்டி, "உசுரோட இருக்கியா?" என்பான். "இருக்கேன், உனக்கென்ன வயித்தெரிச்சல்?" என்பாள். மறுநாள் அதே கேள்வியை அவன் கதவில் இவள் கேட்பாள். கணவன் போனபின் அவளுக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுடைய கடைசி ஆடும் கிழடு தட்டிச் செத்தது. ஆடு இல்லாத வீட்டுக்கு முறை இல்லை. அது ஊர்ச் சட்டம். அன்று மேய்த்தவன் எலாடியோ. சாயங்காலம் மந்தையின் மணிச்சத்தம் வாசலைத் தாண்டி மேலே ஏறிப்போனது. யாரும் கதவைத் தட்டவில்லை. பூண்டு சூப் ஆறிப்போகும்வரை அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனிமை அவளுக்குப் பழகிய சனியன்தான். செத்துக் கிடந்தால்கூடக் கேட்க நாதியில்லை என்ற நினைப்பைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் போய்க் கோயில் மணியை அடித்தாள். ஊர்த்தலைவி அவள்தான், எலாடியோவுக்குக் கையெழுத்துப் போடக்கூடச் சோம்பல் என்பதால் பதவி இவள் தலையில் விழுந்திருந்தது. மணி அடித்தால் வீட்டுக்கு ஒருவர் கோயில் வாசலுக்கு வந்தாக வேண்டும். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான்.

"எங்க தீப்பிடிச்சுது?"

"ஊர்க்கூட்டம். உக்காரு."

"அடேயப்பா, என்னா கூட்டம், என்னா கூட்டம்! உக்கார எடம் இருக்கா?"

"வாய மூடிட்டுக் கேளு. இனிமே முறை ஆட்டுக்கு இல்ல, வீட்டுக்கு. ஆடு இருந்தாலும் இல்லாட்டியும் என் முறைக்கு நான் மேய்ப்பேன்."

"என் ஆட்ட நீ சும்மா மேய்க்கப் போறியா? கிறுக்குப் பிடிச்சிருக்கா உனக்கு?"

"பிடிச்சிருக்குன்னே வச்சுக்க. என் கதவ யாராவது தட்டணும்யா. வேற ஒண்ணும் வேணாம். கையத் தூக்கு."

அவன் தூக்கவில்லை. "எனக்குச் சம்மதம் இல்ல" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ ஒண்ணு, நான் ஒண்ணு. சமமா வந்தா தலைவர் சொல்றதுதான் முடிவு. தலைவி யாரு? நான்! தீர்மானம் நிறைவேறிடுச்சு, போ!"

அவனிடமிருந்து குத்தலாக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான்.

"ஆட்டையெல்லாம் வித்துட்டேன், ஒனோரினா. சனிக்கிழம காலையில லாரி வருது. அதுலயே நானும் போறேன், கிஹோனுக்கு, மக வீட்டுக்கு. நேத்து உன் வாசல் வரைக்கும் வந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்படியே போயிட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டியது. இவன் முன்னால் அழுவதா என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு யாரு முறை?" என்றாள் கடைசியில்.

"உன்னோடது."

மந்தையைத் திறந்துவிட அவள் மேட்டில் ஏறினாள். இன்று அவள், நாளை அவன், வெள்ளிக்கிழமை மறுபடி அவள். நாளைச் சாயங்காலம் ஒருமுறை அவன் அவள் கதவைத் தட்டுவான். கூட்டத்தில் ஜெயித்ததற்கு அவளுக்குக் கிடைத்தது அதுதான்.