எதிர்த்துப் பேசுவதற்குச் சம்பளம்

பாரீசுக்கு வந்து இத்தனை நாளாகியும் எனக்குப் பழகாத ஒன்று உண்டென்றால் அது எங்கள் அலுவலகத்து மத்தியானச் சாப்பாடுதான். நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே முதலாளியைப் பார்த்து, "நீங்கள் சொல்வது சுத்தத் தப்பு, முசியே" என்கிறாள். அவரும் விடாமல் மல்லுக்கு நிற்கிறார். அப்புறம் இருவரும் சேர்ந்து காபி குடிக்கிறார்கள். நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆலைகளுக்கும் கம்பெனிகளுக்கும் யோசனை சொல்லிப் பிழைக்கிற நிறுவனம் இது. எதிர்த்துப் பேசத்தான் இங்கே சம்பளம்.

எனக்கு இந்த வேலை கிடைத்த கதையைக் கேட்டால் ஊரில் நீங்கள் சிரிப்பீர்கள். பிரெஞ்சுக் கொடியை இறக்கிய மறுவருஷம், புதுச்சேரி மில் ஒன்றுக்கு யோசனை சொல்ல வந்த இந்த நிறுவனம் உப்பளம் பகுதியில் ஒரு வீடு பிடித்து, தமிழும் பிரெஞ்சும் தெரிந்த ஓர் ஆளைத் தேடியது. வேலை கிடைக்காவிட்டால் தை மாதம் எனக்குக் கல்யாணம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை மேல் ஒரு குறையும் இல்லை. கல்யாணத்தின் மேல்தான் எனக்கு அப்போது ஆசையில்லை.

வயசுப் பெண் பேட்டிக்குத் தனியாகப் போவதாவது? பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரான அப்பா, மெடலைக் குத்திக்கொண்டு கூடவே வந்தார். எனக்கு முன்னால் போன பையன்களெல்லாம், நிறுவனத்துத் துரை சொன்னதற்கெல்லாம் ஆமாம் போட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்கள். என் முறை வந்ததும் அப்பாவும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார். கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னார், தன் பட்டாளத்துப் பிரெஞ்சில். நான் சும்மா வளையலைத் திருகிக்கொண்டிருந்தேன்.

கடைசியாகத் துரை கேட்டார். "மில் முதலாளி தப்பாக ஒன்று சொன்னால் இந்தப் பெண் என்ன செய்வாள்?"

"எதிர்த்துப் பேசவே மாட்டா, முசியே. அப்படித்தான் வளத்திருக்கேன்" என்றார் அப்பா.

வந்தது வரட்டும் என்று நானும் பிரெஞ்சிலேயே சொன்னேன். "இல்லப்பா. தப்புன்னா தப்புன்னுதான் சொல்வேன்."

அப்பாவின் முகம் சுண்டிப்போனது. வெள்ளைக்காரர் முன்னால் பெற்ற மகளே வாயை அடைத்துவிட்டாள். துரையோ பெரிதாகச் சிரித்து, "அப்பாவையே மறுக்கிறவள் மில் முதலாளிக்கா பயப்படுவாள்? திங்கட்கிழமை வா" என்றார்.

பெரிய மார்க்கெட் வரைக்கும் அப்பா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். வேலை கிடைத்த சந்தோஷமே எனக்குப் போய்விட்டது. மீன் வாங்க நின்றபோதுதான் வாய் திறந்தார்.

"நான் கூட வரலன்னா நீ அங்க யார எதிர்த்துப் பேசியிருப்ப? வேலய நான்தான் வாங்கிக் குடுத்தேன்னு வீட்ல சொல்லு."

"சரிப்பா" என்றேன். இன்றுவரை வீட்டில் அப்படித்தான் பேச்சு.

மில் வேலை முடிந்ததும் நிறுவனம் என்னைப் பாரீசுக்கே அழைத்துக்கொண்டது. அண்ணன் இங்கே இருந்ததால் அப்பாவும் தடை சொல்லவில்லை. சென்ற கோடையில் கப்பலேறி எங்களைப் பார்க்க வந்தார். ஒரு நாள் வீடு திரும்ப மெத்ரோ என்கிற சுரங்க ரயிலடிக்குள் இறங்கியதும், "எனக்குத் தெரியாத பாரீசா? இந்தப் பக்கம்தான், வா" என்று முன்னால் நடந்தார். அது எதிர்த்திசையில் போகும் ரயில். அன்று காலையில்தான் முதலாளியிடம் அவருடைய திட்டம் தப்பு என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அப்பாவிடம் மட்டும் வாய் வரவில்லை. ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு ஸ்டேஷனாக வீடு தள்ளிப்போய்க்கொண்டிருக்க, அவர் சொன்ன பட்டாளத்துக் கதைக்கெல்லாம் "ஆமாப்பா, ஆமாப்பா" என்று தலையாட்டிக்கொண்டு கடைசி ஸ்டேஷன் வரைக்கும் சந்தோஷமாகப் போனேன்.